பண்ணைக் கோலி: ஜோடி சேர்க்கும் முன்

மாடு ஓட்ட, கோழி காக்க, பிள்ளைகளோடு விளையாட என அமெரிக்கப் பண்ணைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே நாய், பண்ணைக் கோலி. அதன் வழிவந்த இங்கிலீஷ் ஷெப்பர்டை யுகேசி (அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப்) 1927-லேயே பதிவேட்டில் சேர்த்தது.

ஜோடி சேர்க்கும் முன் மருந்துகள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் எம்டிஆர்1 மரபணுவின் சோதனையைத் தவறவிடாதீர்கள். கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தெடுத்த மாதிரியே போதும். தாய், தந்தை இருவழியிலும் இந்த மரபணு பழுதாக வந்த நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சிமருந்து மூளைக்குள் புகுந்துவிடும். தள்ளாடும், எச்சில் ஒழுகும், கண் தெரியாது, கோமாவரை போகும். மாதாந்தர இதயப்புழு மாத்திரையில் இருக்கும் அளவு, அதாவது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், ஒன்றும் செய்யாது. ஆபத்து இருப்பது குதிரை லாயத்தில். சிந்திய பூச்சிமருந்துப் பசையை நக்கும்; மருந்து தின்ற குதிரையின் லத்தியையும் விடாது, நாய்தானே! ஒரு பிரதி மட்டும் பழுதான நாயை ஒதுக்காதீர்கள், பழுதற்ற துணை போதும். இருக்கும் வம்சமே கொஞ்சம்.

மெர்ல் என்பது திட்டுத்திட்டாக வெளிறிய நிற அமைப்பு. மெர்லோடு மெர்ல் சேர்க்கவே கூடாது. சராசரியாக நாலில் ஒரு குட்டி இருவழியிலும் மெர்ல் மரபணு வாங்கி இரட்டை மெர்லாகும். செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம்.

சினை சுமார் 63 நாள். கடைசி வாரம் காலை, மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 37.2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். முதல் வாரம் குட்டிகள் இருக்கும் பெட்டிக்குள் 30 டிகிரி சூடு வேண்டும், ஆனால் ஒரு மூலை குளிர்ச்சியாக இருக்கட்டும். தினமும் சமையல் தராசில் குட்டிகளின் எடை பாருங்கள். பத்து நாளில் இரட்டிக்க வேண்டும். ஏறாத குட்டியைப் பின்முலையில் பிடித்து விடுங்கள், அங்கேதான் பால் அதிகம்.

கண் பரிசோதனை 6 முதல் 8 வாரத்துக்குள். தாமதித்தால் நிறமி படர்ந்து கோலிக் கண் குறையை (கோலிகளுக்குப் பரம்பரையாக வரும் விழிக் கோளாறு) மறைத்துவிடும்.