ஏலம் முடிந்த பிறகு தெரிந்த செய்தி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் பரப்புக்கான கனிம உரிமம் ஏலம் விடப்பட்டது, அங்கே உழுது பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்கு 2024 நவம்பரில் முடிவு அறிவிக்கப்பட்ட பிறகே தெரியவந்தது. தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள, 2022இல் மாநில அரசே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியும் அதில் அடங்கியிருந்தது. மாநில அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. யார் சொன்னது சரி என்பதைவிட, அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்த காலத்தில் ஊரார் எவரும் அதைப் பார்க்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2025 ஜனவரியில் ஊர் ஊராகத் திரண்டு மதுரை வரை பேரணியாக வந்த பின்னரே ஏலம் ரத்தானது.

தகவல் அறியும் உரிமைக்கென 1997லேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் ஒரு கோப்பு இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்டு மனுப் போடுவார்? மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே அவை குறித்த உண்மைகளை யாரும் கேட்காமல் வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரிகள் மிகக் குறைவாகப் புரட்டும் பக்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாட்டின் பாதுகாப்புக்காகச் சிலவற்றை மறைக்கலாம் என 8ஆம் பிரிவு அனுமதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. படை நகர்வை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கண்மாயும் எந்தக் குன்றும் சுரங்க எல்லைக்குள் வருகின்றன என்பது எவ்வகையில் ராணுவ ரகசியம்? 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், பாதுகாப்புத் தேவைகளைக் காரணம் காட்டி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்களித்துவிட்டது. ஏலத்துக்குப் பிறகாவது பேசக் கிடைத்த ஒரே இடமும் அப்படிப் போயிற்று.

மதுரை மாவட்டக் கிரானைட் குவாரி முறைகேட்டிலும் இதே கதைதான். அப்போதைய மதுரை ஆட்சியர் சகாயம் அந்த முறைகேடு பற்றி 2012 மே மாதம் அரசுக்கு எழுதிய கடிதம் ஆகஸ்டில்தான் பத்திரிகைகளில் வெளியானது. அதற்குள் அவர் மாற்றப்பட்டிருந்தார்.

ஏல அறிவிப்புக்கு முன்பே தொகுதியின் வரைபடத்தைச் சர்வே எண்களோடு தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.