பழைய டிஃபெண்டரில் டிரெய்லர் லைட் வயரிங்: எர்த்தில் தொடங்குங்கள்

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பின்பக்கம் அடியில் படுத்துப் பார்த்தால், வண்டி எத்தனை கை மாறியது என்று வயரிங்கே சொல்லிவிடும். படகு இழுக்க ஒருவர் சாக்கெட் மாட்டியிருப்பார். அடுத்து வந்தவர் குதிரை டிரெய்லருக்காக அதை அறுத்துவிட்டு வேறொன்று போட்டிருப்பார். நடுவில் யாரோ ரிவர்ஸ் லைட்டுக்கு ஒரு வயர் இழுத்திருப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது நீல நிறக் கவ்வு கனெக்டர்கள், பிசுபிசுத்த கறுப்பு டேப் உருண்டைகள், எங்கும் போய்ச் சேராத வயர் முனைகள். 1983-இல் ஒன் டென் என்றும் 1984-இல் நைன்டி என்றும் வந்து, 1990-இல் டிஃபெண்டர் என்று பெயர் பெற்று, 2016 ஜனவரி வரை இங்கிலாந்தின் சாலிஹல் ஆலையில் தயாரான வண்டிகள் இவை. எதையாவது இழுக்கவே பலரும் வாங்கினார்கள். அதனால் இந்தக் குழப்பமும் பல வண்டிகளில் இருக்கிறது.

டிரெய்லர் லைட் தகராறு செய்தால் பலரும் முதலில் புது பல்ப் வாங்குகிறார்கள். பல்பில் கோளாறு இருப்பது குறைவு. எர்த்தையும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை) ஜாயின்ட்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் பத்து வருடத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

எர்த் விட்டுப்போனால் தெரியும் அறிகுறிகள்

இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக்கை மிதித்தால் எல்லாம் மங்குகிறது. நேராகப் போகும்போது சரியாக எரிவது, வளைவில் திரும்பும்போது விட்டு விட்டு எரிகிறது. இவை மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள்.

டிரெய்லரில் 5 வாட் டெயில் லைட் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு 5 வாட் இரண்டு, 21 வாட் பிரேக் லைட் இரண்டு, 21 வாட் பனிமூட்ட விளக்கு ஒன்று, எரியும் பக்கத்து இண்டிகேட்டர் 21 வாட். கூட்டினால் 104 வாட். 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. போகும்போது சாக்கெட்டின் ஐந்து பின்களில் பிரிந்து போகும் இந்தக் கரண்ட், திரும்பும்போது எர்த்தான மூன்றாம் எண் பின் ஒன்றின் வழியாக மட்டுமே வர வேண்டும். அந்தப் பின் துருப்பிடித்தால் கரண்ட் வேறு வழி தேடும். இண்டிகேட்டர் பல்பைத் தாண்டி வந்த கரண்ட் டிரெய்லரின் பிரேக் பல்புக்குள் புகுந்து, பிரேக் லைட்டுக்கான ஆறாம் பின் வழியாக வண்டிக்குள் வந்து, வண்டியின் பிரேக் பல்பைக் கடந்து எர்த்தை அடையும். அதனால்தான் சம்பந்தமே இல்லாத விளக்குகள் மங்கலாக எரிகின்றன.

இன்னொரு வழி டோ பால், அதாவது டிரெய்லரை மாட்டும் வண்டியின் பின்பக்க இரும்பு உருண்டை. டிரெய்லரின் கப்ளிங் இரும்பும் வண்டியின் டோ பாலும் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அதுவே எர்த்தாக வேலை செய்யும். வண்டி திரும்பும்போது நடுவில் கிரீஸ் வந்தால் தொடர்பு விட்டுப்போகும். வளைவில் மட்டும் லைட் துடிப்பதற்குக் காரணம் இதுதான். சோதிக்கும்போது கப்ளிங்கை டோ பாலில் மாட்டாமல், பிளக்கை மட்டும் சொருகிப் பாருங்கள். மறைந்திருக்கும் எர்த் கோளாறு உடனே வெளியே வரும்.

நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்

பிரிட்டனில் பழைய டிரெய்லர்களுக்குப் பொதுவானது 12என் எனப்படும் ஏழு பின் கறுப்பு சாக்கெட். பின்களும் கேபிள் நிறங்களும் இவை:

1 – மஞ்சள் – இடது இண்டிகேட்டர்
2 – நீலம் – பின் பனிமூட்ட விளக்கு
3 – வெள்ளை – எர்த்
4 – பச்சை – வலது இண்டிகேட்டர்
5 – பழுப்பு – வலது டெயில் லைட்
6 – சிவப்பு – பிரேக் லைட்
7 – கறுப்பு – இடது டெயில் லைட்

ஏழாவது பின் நடுவில் இருக்கும், மற்ற ஆறும் சுற்றிலும். சாக்கெட்டை முன்னாலிருந்து பார்ப்பதற்கும் பின்னால் ஸ்க்ரூ பக்கமிருந்து பார்ப்பதற்கும் இடவலம் மாறும். படத்தை நம்பாமல், பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே மாட்டுங்கள்.

வண்டிக்குள் இருக்கும் வயர்களோ பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸ் காலத்து நிற முறையைப் பின்பற்றுபவை. அதில் கறுப்பு எர்த். பழுப்பு, பியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியிலிருந்து வரும் வயர். வெள்ளை, சாவி போட்டதும் உயிர் பெறும் பியூஸ் இல்லாத வயர். டிரெய்லர் கேபிளிலோ கறுப்பு இடது டெயில் லைட், பழுப்பு வலது டெயில் லைட், வெள்ளை எர்த். கறுப்போடு கறுப்பைச் சேர்த்தால் டெயில் லைட் லைனையே எர்த்தில் போட்டதாக ஆகும். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து, டிரெய்லரையும் மாட்டிச் சாவியைத் திருப்பினால், நடுவில் பியூஸ் எதுவும் இல்லாததால் வயரே உருகும். பல வண்டிகளில் கருகிய வயர் கிடைப்பது இப்படித்தான்.

டிஃபெண்டரின் பின் விளக்குகளுக்கு வரும் வயர்கள்: இடது இண்டிகேட்டர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது இண்டிகேட்டர் பச்சையில் வெள்ளைக் கோடு, பிரேக் பச்சையில் ஊதாக் கோடு, இடது டெயில் சிவப்பில் கறுப்புக் கோடு, வலது டெயில் சிவப்பில் ஆரஞ்சுக் கோடு. முப்பது வருடச் சேற்றில் கோடுகள் அழிந்து ஊதாவும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொன்றையும் டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதிசெய்து, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே பழையதை அகற்றுங்கள். பழைய டிரெய்லர்களில் இரண்டாம் பின் வேறு வேலைக்கும் பயன்பட்டது. அந்தப் பக்க நீல வயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் பனிமூட்ட விளக்கு லைனைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரிஜினல் ஹார்னஸை (வண்டியோடு வந்த வயர்க் கட்டை) வெட்ட வேண்டாம்

நீலக் கவ்வு கனெக்டரில் ஒரு பிளேடு வயரின் தோலைக் கிழித்து உள்ளே போய்த் தாமிரத்தைத் தொடும். தொடும்போது சில இழைகளையும் அறுக்கும். காருக்குள், ஈரம் படாத இடத்தில் அது தாங்கலாம். ஆற்றுத் தண்ணீரும் சாலையில் கொட்டும் உப்பும் தெறிக்கும் இடத்தில் அந்தக் கிழிசல் வழியே ஈரம் ஏறி, தாமிரம் பச்சை பூத்து, தோலுக்குள்ளேயே அரை அடி தூரம் கறுத்துவிடும். வயரை வளைத்துப் பார்த்தால் உள்ளே பொடியாக நொறுங்குவது கைக்குத் தெரியும். இவற்றை எல்லாம் கழற்றுங்கள். பளபளக்கும் தாமிரம் வரும்வரை வெட்டிப் புது வயர் சேருங்கள்.

புதிதாக இணைப்பு எடுக்க வெட்டவே தேவையில்லை. பின் விளக்கின் முதுகை மூடும் தகட்டை வண்டிக்கு உள்ளிருந்து கழற்றினால், முன்காலத்து டிஃபெண்டர்களில் ஒவ்வொரு வயரும் 4.7 மி.மீ. புல்லட் முனையோடு ரப்பர் உறை போட்ட குழாய் கனெக்டரில் சொருகியிருக்கும். இரண்டு முனை கனெக்டரை எடுத்துவிட்டு நான்கு முனை கனெக்டரைப் போடுங்கள். ஒரு பக்கம் ஹார்னஸ், ஒரு பக்கம் விளக்கு, மூன்றாவதில் டிரெய்லர் வயர். வண்டியை விற்கும்போது உருவிவிட்டால் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். இலங்கை மலையகத்தில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களிலும் இதே புல்லட் முறையைப் பார்க்கலாம்.

தேவையான சாமான்: ஏழு வயர் கொண்ட டிரெய்லர் கேபிள் மூன்று மீட்டர் (ஒவ்வொரு வயரும் 1 சதுர மி.மீ., வெள்ளை மட்டும் 2), நான்கு முனை புல்லட் கனெக்டர் ஆறு, பித்தளை புல்லட் முனை ஒரு டஜன், நீர்புகாத சின்ன ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று, 3 ஆம்பியர் பியூஸோடு ஹோல்டர் இரண்டு, 3 சதுர மி.மீ. எர்த் வயர் ஒரு மீட்டர், எம்8 வளைய முனைகள், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். முனையை வயரில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கருவி முழுதாக அழுத்தி முடித்தால்தான் விடும் ராட்செட் வகையாக இருக்கட்டும். சாதாரணக் குறடால் நசுக்கிய முனை கையில் இழுத்தாலே வந்துவிடும்.

எல்லா வயர்களையும் விளக்கின் பின்னால் வைத்த ஜங்ஷன் பாக்ஸுக்குள் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே கேபிளாக சாக்கெட்டுக்கு இறக்குங்கள். கோளாறு தேட ஒரே இடம் என்பதுதான் இதன் பெரிய லாபம். பாக்ஸுக்குள் இடது, வலது டெயில் லைன்களுக்குத் தனித்தனி 3 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. டிரெய்லரில் எங்காவது வயர் நசுங்கினால் வண்டியின் சொந்த பியூஸ் போவதற்குள் இது போக வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் எரியும். சோம்பேறித்தனமாக ஐந்தாம் பின் வயரையும் ஏழாம் பின் வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பைபாஸ் ரிலே பெட்டி (டிரெய்லர் விளக்குகளுக்கு வண்டியின் விளக்கு லைனைச் சாராமல் தனியாகக் கரண்ட் கொடுப்பது) வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பல்பைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் புது வண்டிகளுக்கு அது அவசியம். பழைய டிஃபெண்டரில் அது கெட்டுப்போக இன்னும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

கேபிள் குறுக்குச் சட்டத்தின் ஓட்டை வழியே போகும் இடத்தில் ஓட்டையின் விளிம்பை அரத்தால் ராவி, ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) போடுங்கள். முப்பது செ.மீ.க்கு ஒரு ரப்பர் பூசிய கிளிப். பிரேக் பைப்பிலோ டீசல் பைப்பிலோ கேபிளைக் கட்டவே கூடாது. சாக்கெட்டுக்குள் நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். தண்ணீர் அந்தத் தொங்கலிலிருந்து சொட்டிவிடும், உள்ளே ஓடாது.

எர்த்துக்கு வருவோம். டிஃபெண்டரின் உடல் அலுமினியம், சேஸிஸ் இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஆகவே எர்த்தை உடல் தகட்டில் எடுக்காதீர்கள். பின் குறுக்குச் சட்டத்தில் ஓர் இடத்தைப் பெயின்ட் போக, இரும்பு மின்னும்வரை தேய்த்து, எம்8 போல்ட், பல் வாஷர், வளைய முனை என்று இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் பூசுங்கள். வாஷருக்கு அடியில் பெயின்ட் இருக்கக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸின் வெள்ளை வயர், இரண்டு பின் விளக்குகளின் கறுப்பு வயர் எல்லாம் இதே போல்ட்டுக்கு வரட்டும். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பட்டையையும் இதே வேலையில் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். அது கெட்டிருந்தால் பின்னால் என்ன செய்தும் பயனில்லை.

இண்டிகேட்டர் பிளாஷர்

இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய பிளாஷர் யூனிட் சூடாகி வளையும் உலோகப் பட்டையால் இயங்குவது. இரண்டு 21 வாட் பல்பும் பக்கத்தில் ஒரு 5 வாட்டும் எரியும் என்று கணக்கிட்டுச் செய்தது. மூன்றாவதாக டிரெய்லரின் 21 வாட் சேர்ந்தால் வேகம் மாறும். பிரிட்டிஷ் சட்டப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும். டிரெய்லர் இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்று ஓட்டுநருக்குத் தெரியவும் வேண்டும். டிரெய்லர் வகை எலக்ட்ரானிக் பிளாஷர் போட்டால் இரண்டும் தீரும். அதில் 49 உள்ளே வரும் கரண்ட், 49ஏ வெளியே போவது, 31 எர்த், சி2 டிரெய்லர் எச்சரிக்கை விளக்கு. பழையதில் எர்த் முனை இருக்காது, புதிதாக ஒரு வயர் கொடுக்க வேண்டும். சி2-ஐ மீட்டர் பெட்டியில் ஏற்கனவே இருக்கும் டிரெய்லர் படம் போட்ட பச்சை விளக்குக்குக் கொடுங்கள். டிஃபெண்டருக்கு முன் வந்த சீரீஸ் லேண்ட் ரோவர்களில் பழையவற்றில் பாசிட்டிவ் எர்த் இருந்தது, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸிஸோடு சேர்ந்திருக்கும். அவற்றில் இந்த பிளாஷரையோ எல்.இ.டி. விளக்குகளையோ அப்படியே மாட்டினால் எரிந்துபோகலாம்.

சோதனை

மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. 21 வாட் பல்பில் இரண்டு வயர் சேர்த்து சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையே வையுங்கள். முழு வெளிச்சம் வந்தால் லைன் சரி. பிறகு டிரெய்லர் மாட்டி எல்லா விளக்கையும் போட்டு, மூன்றாம் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் அளவிடுங்கள். 0.2-க்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5-ஐத் தாண்டினால் போல்ட்டை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

டிரெய்லர் பக்கத்திலும் இதே விதி. கால்வனைஸ் சட்டத்தையே எர்த்தாக நம்பாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுத்து டிரெய்லரின் ஜங்ஷன் பாக்ஸில் சேருங்கள். பிளக்கின் பின்கள் நடுவில் பிளவுபட்டவை. தளர்ந்திருந்தால் மெல்லிய கத்தி முனையால் பிளவை ஒரு நூல் அகலப்படுத்தினால் இறுக்கமாகப் பிடிக்கும். சாக்கெட்டுக்குள் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். தாமிரத் தூள் கலந்த கிரீஸ் மட்டும் வேண்டாம், அது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குக் கரண்டைக் கசியவிடலாம்.