மேரி பாரிஷ் டைப் அடிச்சு வெச்சது

நாலு நாளா மேரி பாரிஷ் எழுதினத தான் படிச்சிட்டு இருக்கேன், மனசு அத விட்டு வரவே மாட்டேங்குது.

அமெரிக்காவுல டல்சா ஊர்ல கிரீன்வுட்னு ஒரு ஏரியா, கறுப்பின மக்கள் சொந்தமா கடை, தியேட்டர், ஆஸ்பத்திரின்னு உருவாக்கி வாழ்ந்த இடம். அங்க டைப்ரைட்டிங் சொல்லிக்குடுத்தவங்க இவங்க. 1921 மே 31 ராத்திரி உக்காந்து படிச்சிட்டு இருக்காங்க, சின்ன பொண்ணு வெளிய பாத்துட்டு அம்மா துப்பாக்கியோட ஆளுங்க போறாங்கங்குது. விடிஞ்சதும் பொண்ண கூட்டிக்கிட்டு குண்டு பறக்குற தெருவுல ஓடுறாங்க. வெள்ளைக்கார கும்பல் 35 பிளாக்க எரிச்சிருச்சு, 1,200 வீட்டுக்கு மேல சாம்பல். செத்தது 36 பேர்னு கணக்கு காட்டுனாங்க, 300 வரைக்கும் இருக்கலாம்ங்கிறாங்க வரலாற்று ஆய்வாளர்கள்.

மேரி என்ன பண்ணாங்கன்னா, தப்பிச்சவங்கள தேடிப் போய் ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டாங்க, யாருக்கு எவ்ளோ சொத்து போச்சுன்னு லிஸ்ட்டும் போட்டாங்க. அது புக்கா வந்தப்போ கொஞ்சம் காப்பி தான் அச்சாச்சு, ஊரும் அப்படியே வாய மூடிக்கிச்சு. கும்பல தூண்டிவிட்டதா சொல்ற செய்தி வந்தது மே 31 டல்சா ட்ரிப்யூன் பேப்பர்ல, அத மைக்ரோஃபிலிம் (பழைய பேப்பர பாதுகாக்க எடுக்குற குட்டி படச்சுருள்) எடுக்குறதுக்கு முன்னாடியே முதல் பக்கத்துலேர்ந்து அந்த செய்திய யாரோ கிழிச்சிட்டாங்க!

இன்னொன்னு, எல்லாரும் இத "கலவரம்"னே சொல்லிட்டு இருந்தாங்க. கலவரத்துல போன சொத்துக்கு காசு கிடையாதுன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க கைய விரிச்சதுக்கும் அந்த வார்த்தை தான் காரணம். நம்ம பேப்பர்லயும் ஒரு தரப்பு மட்டும் அடி வாங்குனா கூட கலவரம்னு தானே போடுறாங்க, எனக்கு அது ரொம்ப உறுத்துது.

அதே ஊர்ல வளந்த ஸ்காட் எல்ஸ்வொர்த் 1982ல மறுபடி இத புக்கா எழுதுனாரு, 1997ல மாநில அரசு கமிஷன் போட்டுச்சு, 2020ல ஓக்லான் கல்லறைத் தோட்டத்துல தோண்டுனப்போ பேர் இல்லாத சவப்பெட்டிங்க வரிசையா கிடைச்சுது. 2024ல தான் டிஎன்ஏ வெச்சு முதல் ஆள அடையாளம் கண்டாங்க, சி.எல். டேனியல், முதல் உலகப் போர்ல சிப்பாயா இருந்தவரு. அவரு டல்சாவுல தான் கொல்லப்பட்டாருங்கிறதுக்கு ஆதாரமா கிடைச்சது ஒரு பழைய லெட்டர், 1936ல அவங்க குடும்பத்துக்காக ஒரு வக்கீல் அரசாங்கத்துக்கு எழுதுனது.