மனிதக் கோபுரத்தின் அடியில் நின்றபோது

பார்சிலோனாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விலாஃபிராங்கா வந்துவிடும். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தக் கத்தலான் ஊரில், புனித ஃபெலிக்ஸ் திருநாளான ஆகஸ்ட் 30 அன்று, மனிதர்கள் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி நின்று ‘காஸ்தெல்’ கட்டுகிறார்கள். வால்ஸ் என்ற ஊரில் வேரூன்றி, 2010இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற இந்தக் கோபுரங்கள் பத்து அடுக்குவரைகூட உயர்வதுண்டு.

நடுவில் நிற்கும் சிலரைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் முதுகோடு நெஞ்சு ஒட்ட நெருக்கி நிற்பதுதான் ‘பின்யா’ எனப்படும் அடித்தளம். மேலிருந்து விழுபவர் இவர்கள்மேல்தான் விழுவார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கைகொடுக்கலாம் என்பதால் கடைசி வரிசையில் எனக்கும் இடம் கிடைத்தது. முன்னால் நின்றவரின் முதுகில் உள்ளங்கைகளை அழுத்தித் தலையைக் குனிந்திருந்த எனக்கு, வியர்வையில் ஊறிய ஒரு பச்சைச் சட்டையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை, நம் நாயனத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் கிராலாவின் மெட்டைக் கேட்டே அடியில் நிற்பவர்கள் அறிந்துகொள்கிறார்கள். இடுப்பில் இறுகச் சுற்றிய கறுப்புத் துணி முதுகைத் தாங்குகிறது. வெறுங்காலோடு ஏறுபவருக்கு அதுவே படி.

பயிற்சியில் வலை கட்டுபவர்கள் சதுக்கத்தில் ஏன் கட்டுவதில்லை என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. கட்டிவிட்டால் இத்தனை பேர் தோள்கொடுக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும் என்று, அந்த நெரிசலுக்குள் நின்றபோது தோன்றியது. முன்பின் அறியாதவர் விழுந்தால் என் கழுத்தும் சேர்ந்து நோகும் என்பதில் ஒரு விநோதமான பெருமிதம் இருந்ததை மறுக்க மாட்டேன்.

ஆனால் உச்சிக்கு ஏறிக் கையை உயர்த்துவது ஒரு குழந்தை. 2006இல் மத்தாரோவில் ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் சிறுவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. பெரியவர்கள் விரும்பித் தேடும் ஆபத்தின் உச்சியில் குழந்தையை நிறுத்துவதை, எத்தனை விளக்கம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று ஒரு குழுவின் கோபுரம் இறங்கும் தறுவாயில் சரிந்தது. சிறுவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் அதே கோபுரத்தை அவர்கள் மறுபடியும் எழுப்பினார்கள். தலையை முதலில் குனிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.