அம்மாவின் எலும்புக்குப் போட்ட ஊசி

குடத்தைக் குனிந்து தூக்கியதற்கே அம்மாவின் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். எலும்பு அடர்த்தியை இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கும் கீழே, எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை என்றார்கள். மருத்துவர் எழுதியது டெரிபாரடைட் என்ற பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி) ஊசி, தினமும் 20 மைக்ரோகிராம்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு ஹார்மோனில் இருக்கும் 84 அமினோ அமிலங்களில் முதல் 34-தான் இந்த மருந்து. அந்த ஹார்மோன் ரத்தத்தில் ஓயாமல் அதிகமாக இருந்தால் எலும்பை அல்லவா கரைக்கும்? மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: நாளுக்கு ஒருமுறை ஏறிச் சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால், எலும்பைக் கட்டும் செல்கள் முடுக்கிவிடப்படும். அம்மா சட்டென்று, "காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால்தானே பயிர் தூர் கட்டும்" என்றார். எனக்குப் புரிந்ததைவிட அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

மாத்திரையாகத் தர முடியாது. பருப்பில் உள்ள புரதத்தைப் போலவே வயிறு இதையும் செரித்துவிடும். தெருவில் பலர் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் பெப்டைட்தான் என்று தெரிந்த பிறகு அம்மாவுக்கு ஊசிப் பயம் விட்டது.

பெரிய பாடு குளிர்ச்சிதான். மருந்து நிரப்பிய ஊசிப் பேனா 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. திறந்த பேனாவுக்கு 28 நாள்தான் ஆயுள். கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் இருளில் கிடந்த பகுதி இது. ஐப்பசி மழைக்கு முன்பே ஐஸ் பெட்டி வாங்கி வைத்தோம்.

ஆரம்பத்தில் ஊசி போட்டு எழுந்தால் தலை சுற்றியது. கட்டிலில் உட்காரவைத்துப் போட்டு, சற்று நேரம் படுக்கவைத்தோம். போகப் போகக் குறைந்தது. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது மட்டும் நீடித்தது. ரத்தத்தில் கால்சியம் பார்க்க மறுநாள் காலையில், அடுத்த ஊசிக்கு முன் போகச் சொன்னார்கள். ஊசி போட்ட நான்கைந்து மணி நேரத்தில் கால்சியம் சற்று ஏறியிருக்கும் என்பதே காரணம்.

இந்த மருந்து கொடுத்த எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்ததாகப் படித்துவிட்டு அண்ணன் பதறினார். மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு அச்சிடப்பட்டிருந்த அதற்கான கடும் எச்சரிக்கையை அமெரிக்கா 2020-இல் நீக்கிவிட்டது. ஆனாலும் எலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்குத் தருவதில்லை. அதையும் சிறுநீரகக் கல் உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள்.

ஊசியை நிறுத்தி அப்படியே விட்டால் கட்டிய எலும்பு மறுபடி கரையத் தொடங்கும். அதனால் இப்போது எலும்பு கரைவதைத் தடுக்க ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அரிதாகத் தாடை எலும்பைப் பாதிக்கும் மருந்து அது என்பதால், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலில் எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.