அரசின் வழக்கறிஞரை யார் கேள்வி கேட்பது?

இந்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலை நியமிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 76ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. நடைமுறையில் மத்திய அரசு பெயரைத் தீர்மானிக்கிறது, ஆணை வெளியாகிறது, அவர் பொறுப்பேற்கிறார். 88ஆவது பிரிவின்படி அவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பேசலாம். ஆனால் நியமனத்துக்கு முன் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க அந்த அவைகளுக்கு வழியில்லை.

இராமநாதபுரம் கடலோரத்தில் வாழும் எங்களுக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி அன்று. 2014 ஆகஸ்டில், பதவியேற்ற சில மாதங்களிலேயே, அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, 1974 ஒப்பந்தத்தால் இலங்கை வசமான கச்சத்தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்ற பொருள்பட உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அது அவருடைய சொந்தக் கருத்தா, அமைச்சரவை ஆராய்ந்து எடுத்த நிலைப்பாடா என்று தங்கச்சிமடத்தில் பலரும் கேட்டார்கள். விசைப்படகைப் பறிகொடுத்த ஒருவர் பிளாஸ்டிக் உறை ஒன்றில் படகின் பதிவுச் சான்று, அன்று கடலுக்குப் போக வாங்கிய டோக்கன், அவரால் வாசிக்க முடியாத சிங்கள எழுத்தில் வந்த நீதிமன்றத் தாள் ஆகியவற்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார். டெல்லியில் அரசு வழக்கறிஞர் பேசும் ஒவ்வொரு சொல்லும் அந்த உறைக்குள் இருக்கும் வாழ்க்கையைத் தொடுகிறது.

அமெரிக்காவில் இந்தப் பதவிக்கு முன்மொழியப்படுபவர் செனட் நீதித்துறைக் குழுவின் முன் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். அங்கே அவர் அமைச்சரவை உறுப்பினரும் ஆவார் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும் 1973இல் நடந்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அட்டர்னி ஜெனரலாக முன்மொழியப்பட்ட எலியட் ரிச்சர்ட்சன், அதிபர் நிக்சனின் தரப்பினர் எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரிக்கத் தனி வழக்கறிஞரை நியமிப்பதாகவும், பெருந்தவறு இழைத்தாலன்றி அவரை நீக்குவதில்லை என்றும் செனட்டுக்கு வாக்குக் கொடுத்த பிறகே ஒப்புதல் பெற்றார். அவ்வாறு நியமிக்கப்பட்ட ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அக்டோபரில் அதிபர் நிக்சன் உத்தரவிட்டபோது, கொடுத்த வாக்கை மீறாமல் பதவியை விட்டு விலகினார்.

கட்சி வரிசைப்படி வாக்களிக்கும் காலத்தில் இத்தகைய விசாரணை சடங்காகிவிடும் என்பார்கள். 2025இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரலாக பாம் பாண்டி 54க்கு 46 என்ற கணக்கில்தான் ஒப்புதல் பெற்றார். ஆனாலும் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் பதிவில் நிற்கின்றன. பின்னாளில் எடுத்துக் காட்டலாம்.

அக்கரையிலும் ஒரு தடுப்பு உண்டு. இலங்கையில் சட்டமா அதிபர் எனப்படும் அட்டர்னி ஜெனரலை ஜனாதிபதி நியமிக்க, சபாநாயகர் தலைமையிலான அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் தேவை. பகிரங்க விசாரணை இல்லையென்றாலும் அந்தப் பேரவை தலையாட்டும் அமைப்பு அன்று. 2024இல் அப்போதைய சட்டமா அதிபருக்குப் பதவி நீட்டிப்புக் கேட்ட ஜனாதிபதியின் பரிந்துரையை அது ஏற்கவில்லை.

நம்மிடம் சட்டத் துறையைக் கவனிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழு ஏற்கெனவே இருக்கிறது. நியமனத்துக்கு முன் அந்தக் குழு ஒரு நாள் அமர்ந்து, அட்டர்னி ஜெனரலாக வரவிருப்பவரைக் கேட்கட்டும். இந்திய நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அரசியல் சாசனத் திருத்தம் தேவை என்று மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது கச்சத்தீவுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்று அரசு சொல்லச் சொன்னால், அதைச் சொல்வதற்கு முன் இராமேசுவரம், பாம்பன் மீனவர்களின் தரப்பை அவர் கேட்டறிவாரா? பதவியில் அமர்வதற்கு முன்பே இவற்றுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.