காகித உறையில் போயிருக்க வேண்டிய சட்டை

போன வாரம் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி ஒருத்தி, "அக்கா, ஃபாரன்சிக் நர்சிங் படிக்கணும்னா எங்க சேரணும்?" என்று கேட்டாள். குற்றத்தால் பாதிக்கப்பட்டு வருகிறவர்களைக் கவனிப்பதோடு, வழக்குக்கு வேண்டிய ஆதாரத்தையும் கெடாமல் காப்பாற்றுகிற நர்சிங் அது. டியூட்டி மாறுகிற நேரம், அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி. கத்திக்குத்து கேஸ் ஒன்று வந்தது. அவசரத்தில் சட்டையைக் கத்தரித்தேன், கத்தி இறங்கிய கிழிசல் வழியாகவே கத்தரிக்கோல் போனது. ரத்தத்தில் ஊறிய துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கிழிசலை ஒதுக்கிவிட்டு வெட்டியிருக்க வேண்டும், துணியை உலர்த்திக் காகித உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் நின்றால் கிருமி பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. படிக்கும்போது யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது படிப்பவர்களுக்கு அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் மாற்றிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், ஐந்தாவது செமஸ்டரில் ஃபாரன்சிக் நர்சிங்கும் இந்தியச் சட்டங்களும் ஒரு தாளாக வந்துவிட்டது. 20 மணி நேரம்தான். தம்பி தங்கைகளே, அந்த 20 மணி நேரத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்துக் கடந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இந்தத் துறை வேறு உயரத்தில் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்க நர்ஸ்களுக்கே பயிற்சி கொடுப்பதை 1970-களிலேயே மெம்ஃபிஸ், மினியாபொலிஸ் நகரங்களில் தொடங்கிவிட்டார்கள். 1992-ல் சர்வதேச ஃபாரன்சிக் நர்ஸ்கள் சங்கம் உருவானது, 1995-ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. அங்கே முதலில் பதிவுபெற்ற நர்ஸாக வேண்டும், அப்புறம் குறைந்தது 40 மணி நேர வகுப்பு, அதற்குப் பிறகு அனுபவசாலி ஒருவருக்குப் பக்கத்தில் நின்று செய்முறை. சான்றிதழ்த் தேர்வு எழுத நர்ஸாக 2 வருட அனுபவமும், இந்த வேலையில் மட்டும் 300 மணி நேரமும் காட்ட வேண்டும். அந்த நர்ஸ் பரிசோதிப்பார், ஆதாரம் சேகரிப்பார், நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்வார்.

இங்கே அப்படி இல்லை, இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணைப் பரிசோதித்து அறிக்கை தருவது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 184-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. நர்ஸ் கையெழுத்துப் போட முடியாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு நடுங்கிக்கொண்டு வருகிற அந்தப் பெண்ணின் கையை முதலில் பிடிப்பது நாம்தான். டாக்டர் வருவதற்குள் அவளை முகம் கழுவ வைப்பதா, உடை மாற்றச் சொல்வதா, சிறுநீர் கழிக்க அனுப்புவதா என்று முடிவெடுப்பதும் நாம்தான். அதில் எது தவறினாலும் ஆதாரம் போய்விடும்.

ஆகவே என் யோசனை: பி.எஸ்சி. முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ததும் கேஷுவாலிட்டியைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பிரசவ வார்டு. ஏ.ஆர். காப்பி (அடிபட்டு வந்தவரின் காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டுப் பிரதி) எழுதும் டாக்டர் பக்கத்தில் நின்று, எந்தக் காயத்தை எந்த வார்த்தையில் எழுதுகிறார் என்று பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிப்பது பற்றி 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சம்மதம் வாங்குவதிலிருந்து மாதிரிகளை உலர்த்துவதுவரை வரிசையாக இருக்கிறது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அந்த 40 மணி நேர வகுப்பு அங்கே போன பிறகுதான் உதவும், அதற்கு முன் அந்த நாட்டு நர்ஸ் பதிவை வாங்குங்கள்.

அந்த மாணவிக்கு நாளைக்கு மறுபடி டியூட்டி. ஸ்டோரில் பழுப்புக் காகித உறை கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன், வந்ததும் எப்படி மடித்து ஒட்டுவது என்று அவளுக்கு முதலில் காட்டப் போகிறேன்.